பேர் மட்டும் இருக்கட்டும்

பத்தாம் வகுப்பில் அமிலங்களும் காரங்களும் நடத்திக்கொண்டிருக்கும்போது ஆயாம்மா வந்து வாசலில் நிற்பார். உள்ளே வர மாட்டார், கூப்பிடவும் மாட்டார். கதவோரம் தலைப்பைச் செருகிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அதற்குள் முன்பெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பின்னால் யாரோ கமுக்கமாகச் சிரிப்பது கேட்கும். சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, படித்துக்கொண்டிருங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வருவேன்.

கீழே ஒன்றாம் வகுப்பில் என் மகன் பெஞ்சுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பான். பீரியட் பெல் அவனுக்கு ஆகாது. பெல் அடித்ததும் விழுந்து புரள்வான், யாராவது தூக்கப் போனால் கையைக் கடிப்பான். நான் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். லேசாகத் தடவினால் பிடிக்காது, அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடங்குவான். வகுப்பு மிஸ் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு மாடியேறினால், பத்தாம் வகுப்பு அநியாயத்துக்கு அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் மறுபடி அமிலம் என்று ஆரம்பிப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடலூரில் ஒரு தனியார் பள்ளி அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்தேன். கண்டிப்பான மிஸ் என்று பெயர். அடங்காத வகுப்பு என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். சொந்தப் பிள்ளையை அடக்கத் தெரியாதவள் என்று ஸ்டாஃப் ரூமில் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான் உள்ளே நுழையும்போது பேச்சு மட்டும் நிற்கும்.

அவனுக்கு மூன்று வயது இருக்கும்போதே சிதம்பரத்தில் ஒரு பெண் டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆட்டிசம். பயப்படாதீர்கள், மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வையுங்கள், தனியாகப் பிரித்து வைக்காதீர்கள் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவர். பேச்சு குறைவு. பு.முட்லூர் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே, "எங்க வீட்ல யாருக்கும் சொல்லாத" என்றார். கம்மாபுரம் பக்கம் இருந்த அவருடைய அண்ணன் குடும்பத்துக்குப் பேச்சு கொஞ்சம் லேட்டு என்று சொன்னோம். பள்ளியில் சேர்க்கும்போது நான் சொன்னதும் அதே வார்த்தைதான். பேச்சு லேட்டு. சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிப்போயிருந்தது.

அந்த வருஷம் அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. பெரிய ஹாலில் வகுப்புக்கு ஒரு மேசை. என் மேசைக்கு அடுத்தது பிரின்சிபாலுடையது. அதற்கு முந்தின நாள்தான் என் மகன் ஒரு சின்னப் பெண்ணைத் தள்ளிவிட்டிருந்தான். ஆடிக்கொண்டிருந்த அவளுடைய பால் பல் விழுந்து வாயெல்லாம் ரத்தம். அவளுடைய அப்பா பிரின்சிபால் முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பையனின் அப்பா அம்மா யார், அவர்களைக் கூப்பிடுங்கள், நான் பேச வேண்டும் என்றார். பிரின்சிபால் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். அந்த மனிதருக்கு அது எப்படிப் பட்டதோ, பக்கத்து மேசையில் ஆசிரியை ஒருத்தி இருக்கிறாளே என்று என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்களே சொல்லுங்க மிஸ். இப்டி ஒரு பையன நார்மல் பசங்களோட ஒக்கார வக்கலாமா?"

எழுந்து நின்று, நான்தான் அவன் அம்மா, மன்னிச்சிருங்க என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "பேரன்ட்ஸ்கிட்ட பேசுறோம் சார்" என்றேன். டீச்சர் குரலில், தெளிவாக.

அவர் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே ஹால் மைக்கை யாரோ தட்டினார்கள். கீச்சென்று ஒரு சத்தம். வராந்தாவில் ஆயாம்மாவோடு இருந்த என் மகன் காதைப் பொத்திக்கொண்டு ஹாலுக்குள் ஓடி வந்தான். அவ்வளவு கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடித்தானோ, நேராக என்னிடம் வந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு புடவையை இறுக்கிப் பிடித்தான். என் கை தானாக அவன் முதுகை அழுத்தியது.

அந்த அப்பா பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷமாயிற்று. என் முகத்தைவிட அவர் முகம்தான் அதிகம் செத்துப்போயிற்று. "தெரியாதுங்க மிஸ்" என்று முணுமுணுத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அந்தப் பெண் திரும்பித் திரும்பி என் மகனைப் பார்த்துக்கொண்டே போனாள். அவளிடமாவது வலிக்கிறதா என்று நான் கேட்டிருக்கலாம்.

தாளாளர் அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். உங்கள் வேலையைப் பற்றி ஒரு குறையும் இல்லை, பையனை மட்டும் இந்த வருஷத்தோடு வேறு இடம் பாருங்கள், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிகள் இருக்கின்றனவே என்றார். எந்தப் பள்ளியும் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே சார் என்று கேட்டேன்.

"சட்டம் இருக்குதும்மா. ஒங்க வேலையும் இருக்குது" என்றார் சிரித்துக்கொண்டே.

டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டு எழக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அவர் வேறு ஒரு யோசனை வைத்திருந்தார். கம்பெனியில் யாரோ சொன்னார்களாம், தங்கிப் படிக்கிற ஓர் இடம் இருக்கிறது, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். சுத்தமான இடம்தான். குறை சொல்ல முடியாது. ஒரு நீளமான அறையில் சின்னதும் பெரியதுமாகப் பிள்ளைகள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எங்கள் வயதில் ஒரு தம்பதி மகனைப் பார்க்க வந்திருந்தார்கள். அந்தப் பையன் அவர்களிடம் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அந்த அம்மா கையை நீட்டியபடியே நின்றாள். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்தார். இங்கே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பிறகு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினேன். வேலைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் போவேன். சில இடங்களில் வாசலிலேயே முடிந்துவிடும். ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் நல்ல மாதிரியாகப் பேசினார். சேர்த்துக்கொள்கிறேன், கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பேர் மட்டும் இருக்கட்டும் டீச்சர். அட்டண்டன்ஸ் நாங்க பாத்துக்குறோம். புள்ளைய வீட்லயே வச்சிக்கிங்க. ஸ்பெஷல் டீச்சர் வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவாங்க. ஒங்களுக்கும் தொல்ல இல்ல, எங்களுக்கும் இல்ல."

நடக்கவே முடியாத பிள்ளைகளுக்காக வைத்த ஏற்பாடு அது. என் மகன் ஓடுவான், ஏறுவான், அவனைப் பிடிக்க நமக்குத்தான் முடியாது. அதைச் சொன்னேன். அதுதான் டீச்சர் பிரச்சினையே என்றார் அவர். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று பஸ் ஸ்டாண்டு வரும்வரை யோசித்தேன்.

கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம் என்று சொன்னது என்னிடம் முன்பு படித்த ஒரு பெண்ணின் அம்மா. மனு கொடுக்கிற வரிசையில் நானும் ஒரு நாள் நிற்பேன் என்று நினைத்ததே இல்லை. அந்த வரிசையைப் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பாவம் என்று நினைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் போனேன். மகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று நினைத்தேன். அவருக்கு அன்று பகல் ஷிப்டு. விட்டுவிட்டுப் போக ஆளில்லை.

நல்ல கூட்டம். பட்டா கேட்டு வந்தவர்கள், ஓய்வூதியம் நின்றுபோனவர்கள், மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள். வரிசை நகரவே இல்லை. என் மகன் முதலில் குதித்தான், பிறகு முனகினான். திடீரென்று அமைதியாகிவிட்டான். அவன் அமைதியானதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே பார்த்தேன். டிராயர் நனைந்து, கால் வழியாக வழவழவென்ற அந்தத் தரையில் பரவிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற பெரியவரின் செருப்பை நோக்கி ஓடியது. ஏழு வயதுப் பையன். துடைக்க என்னிடம் ஒரு கைக்குட்டைதான் இருந்தது. குனிந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். குனியாமல் நின்றேன்.

எனக்குப் பின்னால் புர்கா போட்ட ஒரு அம்மா நின்றிருந்தார். லால்பேட்டையிலிருந்து வருகிறேன் என்று முன்பு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது. அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அப்படியே எங்கள் காலடியில் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் நாலா பக்கமும் ஓடியது. அங்கே நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கை தவறிருச்சு தம்பி. தண்ணி ஜாஸ்தியா கொட்டிருச்சு, பாத்து வாங்க" என்றார் அந்த அம்மா.

துடைப்பத்தோடு ஒருவர் வந்தார். எல்லோரும் நகர்ந்து நின்றார்கள். என் மகனின் நனைந்த டிராயரையும் அந்தத் தண்ணீர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்த அம்மா என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். என் முறை வந்து, மனு கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வேறு வரிசைக்கு மாற்றப்பட்டிருந்தார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டேன். தேவையில்லாத இடங்களில் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

மனுவை வாங்கியவர் படித்தார், முழுதாகப் படித்தார். கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினார். சில வாரங்களில் அங்கிருந்து போன் வந்தது. விருப்பப்பட்ட அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், அந்த வட்டாரத்தின் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கே வந்து உதவுவார் என்றார்கள். எங்கே சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். சிதம்பரம் என்று சொல்லிவிட்டேன். அவனுடைய பேச்சுப் பயிற்சி அங்கேதான் நடந்தது. அதைவிட முக்கியம், அங்கே என்னை மிஸ் என்று கூப்பிட யாரும் இல்லை. முதல் காரணத்தைத்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். சிதம்பரத்தில் ஊர் முடிகிற இடத்தில் வீடு பார்த்தோம். அவர் கடலூரிலேயே ஒரு ரூமில் தங்கிக்கொண்டு லீவு நாட்களில் வருவார் என்று ஏற்பாடு. பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், சிடுசிடுப்பானவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நேராகச் சொன்னார். நாளைக்கு இட்டுக்கிட்டு வாங்க, கொஞ்ச நாள் நீங்களும் கிளாஸ்லயே ஒக்காருங்க என்றார்.

அப்படித்தான் நான் மறுபடி இரண்டாம் வகுப்பு படித்தேன். பாய் போட்ட தரையில், பிள்ளைகளுக்கு நடுவில், மகனின் முதுகை அழுத்தியபடி. முதல் நாள் மதிய உணவுக்கு வந்த சமையலம்மா என்னைப் புது டீச்சரா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல ரொம்ப நேரம் எடுத்தது. பயிற்றுநராக வந்த பெண்ணுக்கு ஏகப்பட்ட பள்ளிகள். சொன்ன நாளில் சில சமயம் வருவார், சில சமயம் வர மாட்டார். வந்த நாட்களில் படம் போட்ட அட்டைகளை வைத்து எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்கும் தலைமையாசிரியைக்கும் காட்டிவிட்டுப் போவார். மெதுவாக நான் பாயிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து வேலியோரத்துக்கும் நகர்ந்தேன். அவன் 'அ' எழுதவில்லை. ஆனால் ஒரு நாள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மேல் இருந்த எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சத்தமாகப் படித்தான். எப்போது கற்றான் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வட்டாரக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. சாயங்காலம் அவனை அழைத்துப் போக வந்தபோது தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வீட்ல வச்சிக்கிங்களேன்."

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவர் செய்த மாதிரி எனக்கு வேறு யாரும் செய்ததில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அவன் எப்போதும் போல யூனிபார்மை எடுத்து மாட்டிக்கொண்டு, பையைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நின்றான். இன்றைக்கு லீவு என்றேன். கதவைத் தட்ட ஆரம்பித்தான். கையாலல்ல, தலையால். அவனுக்குப் பொய் புரியாது என்று நான் நினைத்தது தப்பு.

கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் தலைமையாசிரியைக்குத் துரோகம் செய்கிறேன் என்றுதான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அலுவலர் அதற்குள் வந்துவிட்டிருந்தார். வகுப்பில் பிள்ளைகள் ஒருமித்து வணக்கம் சொன்ன சத்தத்தில் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அலுவலர் கேட்டார், யார் அந்தப் பையன், ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். தலைமையாசிரியை என்னைத் தேடுவார், அதோ அவன் அம்மா என்று கை காட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணாவது படிக்கிறான் சார். சத்தம் அடங்குனா அவனே வந்து ஒக்காருவான்" என்றார் அவர்.

அலுவலர் சரி என்று அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை. தலைமையாசிரியை அதற்கப்புறம் சில நாள் என்னோடு பேசவில்லை. அவருக்கு என் மேல் கோபமா, தன்மேலேயா என்று தெரியவில்லை. பிறகு ஒரு நாள், அவனுக்கு மதியச் சாப்பாட்டில் முட்டை பிடிக்கவில்லையா, தொடவே மாட்டேன் என்கிறானே என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அப்படியே பேச்சு தொடர்ந்துவிட்டது.

இந்த ஜூனில் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாவதில் சேர்க்க வேண்டியிருந்தது. மறுபடி முதலிலிருந்து. சிதம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அன்று என் வீட்டுக்காரருக்கு ஷிப்டு இல்லாததால் அவரும் வந்தார். இத்தனை வருஷத்தில் பள்ளியில் சேர்க்க அவர் என்னோடு வந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளும் பெற்றோரும் வராந்தா முழுக்க நின்றிருந்தார்கள். மகன் அறிவிப்புப் பலகையில் இருந்ததையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். இப்போது நன்றாகவே படிக்கிறான். எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பழையபடி முகம் சூடாயிற்று. மெதுவாப் படிப்பா, மெதுவா என்று அவன் தோளை அமுக்கினேன்.

தலைமையாசிரியர் அறையில் வழக்கமான கேள்வி வந்தது. பையனுக்கு என்ன பிரச்சினை? நான் பேச்சு லேட்டு என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். உண்மையாகவே அந்த வார்த்தைதான் நாக்கில் வந்து நின்றது.

"ஆட்டிசம் சார்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. "படிப்பான். எழுதக் கொஞ்சம் நேரம் ஆவும். கிளாஸ்லதான் ஒக்காரணும் சார், வீட்ல வச்சிக்க மாட்டோம். சேத்துக்க முடியாதுன்னா அத எழுதிக் குடுங்க, நாங்க பாத்துக்குறோம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. தலைமையாசிரியர் எங்களைப் பார்த்தார். எழுதித் தருவதெல்லாம் எதற்கு, திங்கட்கிழமை யூனிபார்மோடு வரச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்ததும், எங்கே கற்றீர்கள் இப்படிப் பேச என்று அவரிடம் கேட்டேன். அண்ணன் வீட்டில் போன மாசமே சொல்லிவிட்டேன் என்றார். அவர்களுக்கு முன்னாலேயே தெரியுமாம், நாங்களே சொல்லட்டும் என்று காத்திருந்தார்களாம்.

பஸ்ஸில் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தான். முன்சீட்டில் இருந்தவர் ஒரு தடவை திரும்பினார், பிறகு இன்னொரு தடவை. நான் மகனின் வாயைப் பொத்தவில்லை. ஆனால் அந்த மனிதரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தேன். அது என்னை அறியாமல் வருகிறது. அவர் இறங்குகிறவரை அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே இருந்தது.